ஒட்டகச்சிவிங்கிக் காவல்

"அண்ணை... அண்ணை..."

ரதி இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். மிருகக்காட்சிசாலையில், ஒட்டகச்சிவிங்கி வேலிக்கு எதிரே மரவாங்கில் இருந்த மனிதர் வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. வேலைக்குப் போடும் ஒரேஞ்ச் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்தில் அவருடைய மகள், எட்டு வயதிருக்கும், தனியாக நின்றாள்.

"அன்ரி, எழுப்பாதேங்கோ."

"உவர் உம்மட அப்பாவோ?"

"ஓம்."

"இவ்வளவு சனத்துக்குள்ள பிள்ளையை விட்டுட்டு நித்திரை கொள்ளுறதோ? ஆரும் உம்மைத் தூக்கிக்கொண்டு போனால்?"

"அப்பாக்கு நைற் ஷிஃப்ற் வேலை. விடிய முடிச்சிட்டு, வீட்ட போய் என்னை ஏத்திக்கொண்டு நேர இஞ்ச வந்தவர். நான்தான் படுக்கச் சொன்னனான். நான் இப்ப காவல்."

"காவலோ?"

"ஒட்டகச்சிவிங்கி எப்பிடி நித்திரை கொள்ளும் தெரியுமா அன்ரி?"

ரதிக்குத் தெரியாது. ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கவென்று மகனோடு மில்லிக்கனில் இருந்து கார் ஓடி வந்தவள்தான். ஆனால் அது நித்திரை கொள்ளும் என்றே அவள் இதுவரை யோசித்ததில்லை.

"கூடுதலா நிண்டுகொண்டுதான். கொஞ்ச நேரம் கண்ணை மூடும், பிறகு முழிக்கும். ஆபிரிக்காவில கீழ படுத்தா எழும்ப லேற் ஆகும், அதுக்குள்ள சிங்கம் வந்திடும். அதால ஒண்டு படுத்தா இன்னொண்டு முழிச்சு நிண்டு பாக்கும்."

"இஞ்ச சிங்கம் வராது பிள்ளை."

"தெரியும். சிங்கம் பாக்கத்தான் நாங்கள் வந்தனாங்கள். அப்பா எழும்பினாப் பிறகு போவம். அதுக்கு ஒரு அவசரமும் இல்லை. எப்ப போனாலும் அது படுத்துத்தான் கிடக்கும்."

சொல்லும்போதே அவளுடைய கண் சிங்கம் இருக்கும் பக்கம் ஒருமுறை போய் வந்தது. பாவம், ஆசையை நல்லாய்த்தான் அடக்கி வைத்திருக்கிறாள் என்று ரதிக்கு நெஞ்சு இளகியது. அந்த இளக்கம் முழுவதும் நித்திரைகொள்ளும் மனிதர்மேல் கோபமாகத் திரும்பியது.

"இன்னொண்டு தெரியுமா? அம்மாக்கள் எல்லாம் சாப்பிடத் தூரப் போகேக்க, ஒரு அம்மா மட்டும் நிண்டு எல்லாற்ற குட்டியளையும் பாத்துக்கொள்ளும். ஆற்ற குட்டி எண்டெல்லாம் பாக்காது."

"ஓம், ஓம்," என்றாள் ரதி. ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தது. பாதிக் காதால்தான் கேட்டாள்.

கொஞ்சம் தள்ளி இருந்த தன் வாங்குக்குத் திரும்பினாள். மகனின் ஸ்ரோலர் வண்டியின் மூடி இழுத்துவிட்டபடியே இருந்தது. உள்ளே மூன்று வயது நிதுசன் நித்திரைதானே. அந்த நிம்மதியில் ஃபோனை எடுத்து, அந்த மனிதரின் திறந்த வாய் வடிவாய்த் தெரியும்படி ஒரு படம் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து மகள் வேறு இந்தப் பக்கம் திரும்பிக் கை காட்டினாள். படம் என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு எங்கிருந்துதான் சந்தோசம் வருகிறதோ.

'ஸ்காபரோ அம்மாமார்' வாட்ஸ்அப் குழுவில் படம் ஏறியது. கீழே ஒரு வரி: "இப்பிடியும் ஒரு தகப்பன். பெத்த பிள்ளை நடுச்சனத்துக்குள்ள, இவருக்கு நித்திரை."

அதற்குப் பிறகு கேட்கவா வேணும்.

"உவருக்கெல்லாம் ஏன் பிள்ளை?"

"பொலிசுக்குச் சொல்லும் ரதி."

"தாய்க்காரி வீட்டில என்ன செய்யிறா?"

ரதி ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். சிலருக்கு இரண்டு தரம் எழுதினாள். குழுவுக்கே நீதவான் மாதிரி இருக்கும் மங்கையற்கரசி அக்கா மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. அவவின் தீர்ப்புக்காகக் காத்திருந்தபோதுதான், பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பம் என்று ஸ்ரோலரின் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே ஒரு சப்பாத்து மட்டும் கிடந்தது.

"நிது..."

வேலிப் பக்கம் ஓடினாள். ஐஸ்கிறீம் கடைப் பக்கம் ஓடினாள். எங்கே பார்த்தாலும் பிள்ளைகள், ஒன்றும் அவளுடையது இல்லை. கடைசியில் அந்த மனிதரின் வாங்கடிக்கே ஓடி வந்தாள்.

"அண்ணை, எழும்புங்கோ. என்ர பிள்ளையைக் காணேல்லை."

"ஷ்ஷ்," என்றாள் மகள். "அன்ரி, மெதுவா. அப்பா எழும்பிடுவார்."

வாங்கின் மறுபக்கம், அந்தச் சிறுமியின் காலுக்குப் பின்னால், ஒற்றைச் சப்பாத்தோடு நிதுசன் குந்தியிருந்தான். ஒரு கையில் அவள் கொடுத்த பிஸ்கற். மறு கை அவளுடைய சட்டையைப் பிடித்திருந்தது. அவள் அவனுடைய கொலரை விடவே இல்லை.

ரதி அவனை அள்ளி எடுத்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

"நீங்கள் என்னோட கதைச்சிட்டுத் திரும்பிப் போகேக்கயே வேலியில ஏறப் பாத்தவர். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். உங்களுக்குக் கை காட்டினன், நீங்கள் ஃபோனைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். அப்பாவை விட்டுட்டு அங்க வர ஏலாதுதானே," என்றாள் அவள். "உங்கட பேபி எண்டு தெரியும் அன்ரி. அதான் பயப்படாம நிண்டனான்."

ரதி பிள்ளையை ஒரு பக்க இடுப்புக்கு மாற்றினாள். உடனே படத்தை அழித்துவிடுவம் என்று மறுகையால் ஃபோனைத் திறந்தாள்.

மங்கையற்கரசி அக்காவின் தீர்ப்பு வந்திருந்தது.

"தகப்பன் கிடக்கட்டும். படத்தை வடிவாப் பெருப்பிச்சுப் பாருங்கோ. பெட்டைக்குப் பின்னால இருந்து ஒரு சின்னக் கை அவளின்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கு. அது ஆற்ற பிள்ளை? அதின்ர தாய் எங்க போனவ?"