தாவும் டிக்

செபாஸ்டின் பெயரைத் தொட்டால் டிக் அங்கேதான் விழுகிறது. அனுப்பும் பொத்தானுக்கு விரல் போவதற்குள் அமலன் பெயருக்குத் தாவிவிடுகிறது.

திருப்பாதிரிப்புலியூர் பங்கு மண்டபத்தில், செபாஸ்டினும் அமலனும் போட்டியிடும் திருவிழாக் குழுத் தலைவர் தேர்தலுக்கு ஒத்திகை. நிஜ ஓட்டு மாலைப் பூசைக்குப் பிறகு.

போனில் ஓட்டுப் போடும் இந்த ஆப்பை எழுதியவன் அருள் பிரகாஷ். அமலன் அவன் மனைவியின் தம்பி.

"யாரத் தொட்டாலும் உன் மச்சான்கிட்டயே போய் நிக்குதே பிரகாஷு, ஃபோனுக்கும் சொந்தம் தெரியுது போல," என்றார் செபாஸ்டினின் பெரியப்பா தேவசகாயம்.

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு பிரகாஷுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் தனியாக உட்கார்ந்து எத்தனையோ முறை சோதித்திருந்தான். ஒருமுறைகூடத் தாவவில்லை.

அதைவிட மோசம், அமலன் எழுந்து பேசியது. தானும் செபாஸ்டின் அண்ணனுக்குத்தான் போட்டதாகவும், தன் போனில் டிக் அசையவே இல்லை என்றும் பெருந்தன்மையாகச் சொன்னான்.

எல்லோர் போனிலும் தாவுவது அவன் போனில் மட்டும் ஏன் தாவவில்லை? பிரகாஷின் லேப்டாப் கடவுச்சொல் அவனுக்குத் தெரியும்.

இப்போது பிரகாஷுக்கே சந்தேகம் வந்தது.

அமலனின் போனை வாங்கி, செபாஸ்டினைத் தொட்டு, அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஓட்டுப் போட்டார்கள். திரையின் உச்சியில் 'இதுவரை வந்த ஓட்டு' ஒன்று கூடியது. அதே நொடியில் டிக் அமலனுக்குப் போனது.

வீட்டில் சோதித்தபோது வேறு யாரும் ஓட்டுப் போடவில்லை.

ஓட்டு ஒன்று வந்தால் மாறுவது அந்த எண் மட்டுமல்ல. திரை முழுவதும் புதிதாகக் கட்டப்படுகிறது. பந்தியில் ஒரு ஆள் கூடுதலாக உட்கார்ந்ததற்காக, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லோருடைய இலையையும் எடுத்துவிட்டுப் புது இலை போட்ட மாதிரி. புதுத் திரையில் டிக் முதல் பெயரில் இருக்கும். பெயர் எதையும் தொடாமல் யாரும் வெற்று ஓட்டு அனுப்பிவிடக் கூடாதென்று பிரகாஷே வைத்த ஏற்பாடு அது.

அகர வரிசையில் முதல் பெயர் அமலன்.

அப்படியானால் இந்தப் போனிலும் தாவியிருக்க வேண்டும். தாவினாலும் தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான்.

பிரகாஷ் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தான்.

"எனக்கேதான் போட்டுக்கினேன் மாமா," என்றான் அமலன், மெல்ல. "அத்தினி பேர் முன்னாடி எப்புடி சொல்றது?"

பிரகாஷ் லேப்டாப்பைத் திறந்தான். தானாக விழும் டிக்கை எடுத்துவிட்டான். விரல் தொட்ட பெயரைத் திரைக்கு வெளியே தனியாகச் சேமித்தான். புது ஓட்டு வந்த செய்தியை உச்சியில் இருக்கும் எண் மட்டும் கேட்கும்படி மாற்றினான்.

இனி ஓட்டு வந்தால் அந்த எண் மட்டுமே மாறும். டிக் தொட்ட இடத்திலேயே இருக்கும்.