ஓடுகிற புரோகிராம்

"நீயா வாயத் தொறக்காத சத்யா. எக்ஸாமினரு கேட்டா அப்பப் பாத்துக்கலாம்" என்றான் தமிழ்மாறன். கூட ஆராய்ச்சி செய்கிறவன். தைரியம் சொல்ல வந்தவனுக்கே குரல் நடுங்கியது.

சத்யப்பிரியாவுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் வாய்மொழித் தேர்வு. ஆறு வருட உழைப்புக்கு டாக்டர் பட்டம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அதில்தான் இருக்கிறது. தப்பு கண்ணில் படுவதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது?

காலாப்பட்டில் கடலை ஒட்டி இருந்த அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் ஆராய்ந்தது ஒரு செத்த நட்சத்திரத்தை. பல்சார் என்பார்கள். செத்தும் அது சும்மா இருப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள மேகத்துக்குள் எலெக்ட்ரான்களை வாரி இறைக்கிறது. அங்கே பரவிக் கிடக்கும் மங்கலான வெளிச்சத்தில் அவை போய் மோத, அந்த வெளிச்சமே அசுர பலம் கொண்ட காமா கதிராக மாறிவிடுகிறது. அப்படி எவ்வளவு கதிர் வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கோடு வரைந்திருந்தாள். தொலைநோக்கி அளந்து சொன்ன புள்ளிகளின் மேல் அந்தக் கோடு கச்சிதமாக உட்கார்ந்தது. ஆய்வேடு முழுக்க அதை நம்பித்தான் எழுதியிருந்தாள்.

கணக்குப் போட்ட புரோகிராம் அவள் எழுதியதல்ல. சீனியர் கொடுத்தது, அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. எந்த மகராசன் எழுதினானோ, அதில் பெயர்கூடக் கிடையாது. ஓடுகிற புரோகிராமைத் தொடாதே என்பது அங்கே வேதவாக்கு. அவளும் தொட்டதில்லை. இன்று காலையில் படத்தின் நிறத்தை மாற்றலாமே என்று உள்ளே போனவள், அந்த ஒரு வரியைப் பார்த்துத் தொலைத்தாள். மங்கலான வெளிச்சத்தை அது இரண்டு முறை சேர்த்துக்கொண்டிருந்தது. ஒரே முறை சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். கோடு புள்ளிகளை விட்டுத் தொப்பென்று கீழே விழுந்தது.

வழிகாட்டி நாராயணசாமியிடம் சொல்லலாம் என்றால், அவர் தேர்வாளரை அழைத்துவரப் போயிருந்தார். தேர்வாளர் கிருஷ்ணசாமி இந்தத் துறையில் புலி. கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் விடமாட்டார், பலரைத் திருப்பி அனுப்பியவர் என்று ஊரே சொல்லும்.

அரங்கில் பின்வரிசை முழுக்க அம்மா கூட்டி வந்த கூட்டம். மீன் மார்க்கெட்டில் அம்மாவோடு கடை போடுகிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வெளியே சமோசாவும் காபியும் தயாராக இருந்தன.

"இன்னாடி, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு?" என்று முத்தம்மாள் மகளின் கையைப் பிடித்தாள். ராத்திரி தூங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தாள் சத்யப்பிரியா.

தேர்வு தொடங்கியது. கிருஷ்ணசாமி பல்சாரின் வயதைக் கேட்டார், தூரத்தைக் கேட்டார், காந்தப்புலத்தைக் கேட்டுக் குடைந்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு ஓரம் மடித்து வைத்திருந்த ஒரு பக்கத்தைத் திறந்தார். அந்தக் கோடு இருந்த பக்கம்.

அவர் பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கொஞ்சம் தண்ணீர் குடித்தார். ஏசி ஓடும் அறையில் அவருக்கு நெற்றி வியர்த்தது. கோபத்தில்தான் வியர்க்கிறது, மனுஷன் இப்போது எல்லார் எதிரிலும் கிழிக்கப் போகிறார் என்று அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு சின்னக் கேள்விகள் கேட்டுவிட்டு, பட்டம் வழங்கலாம் என்று சிபாரிசு செய்வதாக அறிவித்தார். கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. முத்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சத்யப்பிரியாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம் இரண்டு பங்காயிற்று. நாளைக்கே எவனாவது அந்தப் புரோகிராமைத் திறந்தால்? தெரிந்தே ஏமாற்றியவள் என்ற பெயர் வாழ்நாள் முழுக்க அல்லவா துரத்தும்? எல்லாரும் சமோசாவை நோக்கி நகர, அவள் நேரே கிருஷ்ணசாமி இருந்த அறைக்குப் போனாள். அவர் தனியாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், என் கணக்குல தப்பு இருக்கு. வெளிச்சம் ரெண்டு தடவ சேந்திருக்கு. காலையிலதான் பாத்தேன். தெரிஞ்சே பட்டம் வாங்க பயமா இருக்கு சார்."

பேனா நின்றது. அவர் நிமிரவே இல்லை.

"கதவைச் சாத்தும்மா."

சாத்தினாள். ஆறு வருஷமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"வேற யார்கிட்ட சொன்ன?"

"கூட ஆராய்ச்சி பண்ற ஒருத்தருக்குத் தெரியும் சார்."

கிருஷ்ணசாமி நாற்காலியில் சரிந்தார்.

"நான் கேள்வி கேட்டா, நீ அந்தப் புரோகிராமைத் தொறந்து பாத்துடுவியோன்னு பயந்துதாம்மா அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனேன்" என்றார் அந்தப் புலி. "அது நான் இங்க ஸ்டூடண்டா இருந்தப்ப எழுதினது. என் பட்டமும் அதே வரியிலதான் வந்துச்சு."