சிவப்பு வராத நாள்

கம்சாவின் கணினி நிரல், போன வருடம் கடலில் பலத்த காற்றடித்த நாட்களையெல்லாம் தவறாமல் சிவப்பில் காட்டியது.

"முதல்ல சாஸ் எண்ட கணினி மொழியில எழுதினப்போ நூற்றுக்கு எழுபதுதான் சரிவந்தது அப்பா. ஆர் மொழிக்கு மாத்தின பிறகு நூற்றுக்கு நூறு."

"எதைப் பாத்துச் சொல்லுது?" என்றார் அல்பேர்ட்.

"ரெண்டு மொழியிலயும் 'லேக்' எண்டு போட்டா முதல்நாள் காத்தை எடுத்துத் தரும். அதை வச்சு அடுத்த நாளைச் சொல்லும்."

"ரெண்டிலயும் ஒரே சொல்லெண்டா, புது மொழியில மட்டும் அதுக்கு என்ன கெட்டித்தனம்?"

கம்சா சிரித்துக்கொண்டே உதவிப் பக்கத்தைத் திறந்தாள். ஆர் மொழியின் 'லேக்' எடுத்துத் தந்தது முதல்நாள் காற்றை அல்ல, கணித்துச் சொல்லவேண்டிய அந்த அடுத்த நாள் காற்றையே.

"அப்பா, இது விடையைப் பாத்துத்தான் விடை எழுதியிருக்கு. இண்டையான் காத்து இனித்தானே அடிக்கும், அது இதுக்குத் தெரியாது, அதுதான் இண்டைக்குச் சிவப்பு வரேல்ல. அண்ணாவைக் கடலுக்குப் போகவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"அண்ணா மட்டுமே போனவன், பிள்ளை? சிவப்பில்லை எண்டு ராத்திரி நீ மீனவர் வாட்ஸப் குறூப்பில போட்டதைப் பாத்திட்டு, விடியவே கரையில ஒரு படகும் இல்லை."