அக வணக்கத்துக்குப் பிறகு

கனடாவில், ஸ்காபரோ விருந்து மண்டபத்தில் நானூறு பேர் எழுந்து தலை குனிந்து நிற்கிறார்கள். வன்னியில் போர் முடிந்து ஐந்து நாள். போன வருடமே மண்டபம் பிடித்தாயிற்றாம், சாமத்திய வீட்டுப் பூப்பு விழாவைத் தள்ளிவைக்க முடியாதாம். அதனால் இறந்தவர்களுக்கு ஒரு நிமிட அக வணக்கத்தோடு தொடங்குகிறார்கள். மேடையில் மைக்கோடு நிற்கும் சாம்பவிக்கு வன்னியில் அகப்பட்ட அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பக்கத்தில், பத்து வருடமாக அவளோடு ஜோடியாக ஆர் அண்ட் பி காதல் பாட்டுகள் பாடும் ஜெனோசன். கண்ணாடிக் கதவால் விழும் மாலை வெயிலில் அவனுடைய சப்பாத்து நுனி அடுத்த பாட்டின் தாளத்தை மெல்லத் தட்டுகிறது. "காலை நிப்பாட்டு," என்கிறாள் உதடு அசையாமல். "பழக்கத்தில வருது," என்று முணுமுணுக்கிறான். கால் நிற்கவில்லை. அலங்கார நாற்காலி முன்னால் பெரியபிள்ளையான சிறுமி சரியும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். நிமிடம் முடிகிறது. சிறுமியின் தகப்பன் மேடையோரம் வந்து, "பிள்ளை, வீடியோ ஓடுது. கொஞ்சம் சிரிச்சுப் பாடும்," என்கிறார். "ஓம் அங்கிள்." ஜெனோசன் அவள் கண்களைப் பார்த்து முதல் வரியைப் பாடிவிட்டுக் கையை நீட்டுகிறான். இன்றைக்காவது தொண்டை அடைக்கும் என்று அவள் காத்திருக்கிறாள். குரல் சரியான இடத்தில், துளியும் பிசகாமல் வந்து விழுகிறது. வாய் சிரிக்கிறது.