தானாக ஏறிய மாட்யூல்

"விழுந்துருச்சு ரஃபியா, விழுந்துருச்சு!" கம்ப்யூட்டர் முன்னாலிருந்து துள்ளி எழுந்தான் நாசர்.

"என்னங்க விழுந்துச்சு?" அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள் மனைவி.

"சோதனைக் கர்னல், கம்ப்யூட்டரையே நடத்துற அடிப்படைப் புரோகிராம்! அதுல சேர்ற மாட்யூல்ங்கிற துணைப் புரோகிராம், நான் ஏத்தாமலே தேவைப்படுறப்ப தானா ஏறுதான்னு நாலு நாளா மல்லுக்கட்டுறேன். ஏறினா கர்னல் விழுற மாதிரி எழுதியிருந்தேன். இப்பத்தான் ஏறுச்சு!"

"நீங்க பாத்துக்கிற பூ மார்க்கெட் சர்வருக்கு ஒண்ணும் ஆகாதா?"

"இது அந்த சர்வருக்குள்ள சாதாரண புரோகிராம் மாதிரி ஓடுற குட்டிக் கர்னல். எம்புட்டுத் தடவை விழுந்தாலும் சர்வர் அசையாது."

ரஃபியாவின் முகம் வெளிறியது.

"ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புறப்ப எப்பவும் அந்தக் குட்டிக் கர்னலை மூடிட்டுத்தானே போவீங்க? இன்னிக்கு பாங்கு சத்தம் கேட்டதும் அப்படியே ஓடிட்டீங்க. உங்களை மாதிரியே 'எக்ஸிட்' அடிச்சு நாந்தான் மூடினேன்."

"மூடிட்டியா? அப்ப நான் இப்பத் தட்டினது..."

போன் அலறியது. நிலக்கோட்டைப் பூ வியாபாரி மலைச்சாமி.

"தம்பி, வேன்ல மல்லி ஏத்திக்கிட்டு நிக்கிறோம். எந்த ஊருக்கு எம்புட்டு அனுப்பணும்னு பாக்கப்போனா, மார்க்கெட் ஸ்கிரீன் அம்புட்டும் கருத்துப்போச்சு! என்னப்பு ஆச்சு?"

குட்டிக் கர்னலை மூடியதும் அதே திரை நிஜ சர்வருக்குத் திரும்பியிருந்தது. நாலு நாளாகக் குட்டிக் கர்னலில் ஏறாமல் முரண்டுபிடித்த மாட்யூல், நிஜ சர்வரில் முதல் தட்டிலேயே ஏறியிருந்தது.