சேற்றுக் காலுறை

ஆட்டம் முடிந்து நாற்பது நிமிடங்கள் ஆகின்றன. கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டத்தைச் சமன் செய்து, முதல்நிலை லீக்கிலிருந்து இறங்காமல் தப்பித்த பெண்கள் உடைமாற்றும் அறையில் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். குழல்விளக்கு ஒன்று சிமிட்டுகிறது. ஈரப் புல்லும் வலி மருந்தும் சேர்ந்து மணக்கின்றன. உடைகளைத் துவைக்கும் அக்கா கதவோரம் நிற்கிறாள். காலுறையைச் சுருட்டி எறிந்தால், "உங்கம்மாவா வந்து பிரிப்பாங்க?" என்று கத்தி எந்தப் பாட்டையும் நிறுத்திவிடுகிறவள். கோல்கீப்பர் வேண்டுமென்றே சேற்றுக் காலுறையை உருண்டையாக்கி அவள் மேல் எறிகிறாள். அக்கா திட்டவில்லை. அதைப் பிரித்து, உதறி, மடித்து, கோல்கீப்பரின் மடியில் வைக்கிறாள்.

"என்னக்கா, சாமியாராயிட்டீங்களா?"

யாரோ சிரிக்கிறார்கள்.

"ஜெர்சியையும் வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்கடி. எல்லாரும்," என்கிறாள் அக்கா.

"அப்போ அடுத்த சீசனுக்கு?" என்கிறாள் கேப்டன், பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடி.

அக்கா காலிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்காருகிறாள். பாட்டு ஒவ்வொரு குரலாக அடங்குகிறது.

"காலையிலயே வாஷிங் மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஆடி முடிக்கட்டும்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன். டீமை மூடிட்டாங்கடி."