தெளிவாக எழுதவும்

பஞ்சு என்பது தொழில் அவனுக்குக் கொடுத்த பெயர். அவன் கால் வைத்தால் தரைக்கே தெரியாது. பத்து மாதத்தில் அறுபத்து மூன்று சைக்கிள்களைக் கிளப்பி, ஊர்க்கோடி ஷெட்டில் அடுக்கி வைத்திருந்தவன், அன்றுதான் முதன்முறையாக ஒரு கட்டடத்துக்குள் முன்வாசல் வழியாக நுழைந்தான்.

யோசனை மச்சானுடையது. பஞ்சுவின் மனைவிக்குத் தம்பி. கம்ப்யூட்டர் படித்தவன்.

“எத்தனை நாளைக்கு மாமா சைக்கிளையே தள்ளிட்டு வருவீங்க? காணாமப்போன சாமானைத் தேடித் தர்ற ஏஐ ஏஜென்ட்னு ஒண்ணு செஞ்சிருக்கேன். தொலைச்சவங்க அதுகிட்ட வந்து புலம்புவாங்க. அது ஆறுதலாப் பேசி, வீடு எங்க, எப்ப ஆள் இருக்காது, வேற என்னென்ன சாமான் இருக்குன்னு கறந்துடும். அப்புறம் நீங்க நிதானமாப் போனாப் போதும்.”

பஞ்சுவுக்குப் புல்லரித்தது. பழம் நழுவிப் பாலில் அல்லவா விழுகிறது!

ஒரே ஒரு தடை. ஏஜென்ட்டுகளின் அங்கீகாரப் பட்டியலான டைரக்டரியில் பெயர் ஏறினால்தான் ஜனங்கள் நம்பி வருவார்கள். அதற்கு, ‘இந்த ஏஜென்ட் என்ன செய்யும்’ என்று விளக்கம் எழுதித் தர வேண்டும். அதைச் சரிபார்க்கும் அம்மாள், அந்த டைரக்டரி ஆபீசில் சிவப்புப் பேனாவோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“‘எல்லா உதவியும் செய்யும்.’ இது என்ன சார், கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி? எந்த உதவி?”

“காணாமப்போன சாமானைத் தேடும், மேடம்.”

“தேடும், சரி. கிடைச்சா?”

பஞ்சு அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. “கிடைச்சா... சந்தோஷப்படும்.”

சிவப்புப் பேனா சரக்கென்று ஒரு கோடு கிழித்தது. “உரியவங்ககிட்ட ஒப்படைக்குமா, ஒப்படைக்காதா?”

“ஒப்படைக்கும் மேடம், ஒப்படைக்கும்.”

“எப்படி?”

“வண்டி பிடிச்சு.”

“எழுதுங்க. இது என்ன, ‘வீட்டில் ஆள் இல்லாத நேரத்தைக் கேட்கும்’?”

பஞ்சுவின் முதுகில் வியர்வை வழிந்தது. பூட்டை நெம்பும்போதுகூட அவனுக்கு இப்படி வியர்த்ததில்லை. “ஆள் இல்லாதப்போ கொண்டுபோனா வீண் அலைச்சல்தானே, மேடம்?”

அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். “நல்ல காரணம். அதையும் போடுங்க. கடைசியா ஒண்ணு. குடுக்கறதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேக்குமா, தானே குடுத்துடுமா?”

“நம்மளை எதுக்கு மேடம் தொந்தரவு பண்ணணும்? தானே குடுத்துடும்.”

ஐந்து தடவை திருத்தி எழுதினான். ஆறாவது தடவை, பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வாங்காத ‘மிக நன்று’ அவனுக்குக் கிடைத்தது.

மச்சான் அதை வாசித்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். “என்னமா ஒரு பொய், மாமா! படிச்சா எனக்கே கண்ணு கலங்குது.” அப்படியே டைரக்டரியில் ஏற்றினான்.

முதல் நாளே புலம்பல்கள் வந்து குவிந்தன. பஞ்சு மனத்துக்குள் வீடு வீடாகப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

மூன்றாம் நாள் காலை, கையுறையை எடுக்க ஷெட்டுக்குப் போனவன் வாசலிலேயே உறைந்து நின்றான். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை. காற்றடிக்கிற பம்ப் மட்டும் மூலையில் நின்றது. அது அவன் சொந்தக் காசில் வாங்கியது.

“மாப்ளே! எவனோ நம்மளையே கொள்ளையடிச்சுட்டான்டா!” என்று போனில் அலறினான். “நாணயமாத் தொழில் பண்ண விடறானுங்களா? ஊரே திருட்டுப் பயலுங்களாப் போச்சு!”

மச்சான் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தான். ஷெட்டைப் பார்த்தான். செல்போனைத் தட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது.

“வேற எவனும் இல்ல மாமா. நம்ம ஏஜென்ட்தான்.”

“என்னடா உளர்ற?”

“சைக்கிளையெல்லாம் அதை வெச்சே வித்துடலாம்னு, சைக்கிள் லிஸ்டு, ஷெட்டோட நம்பர் பூட்டு, லாரி புக் பண்ற ஆப் எல்லாத்தையும் அதுகிட்ட குடுத்து வெச்சிருந்தேன். ஆனா டைரக்டரியில ஏறிட்டா, நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் செல்லாதாம். அங்க எழுதியிருக்கிற விளக்கம்தான் அதுக்கு வேதவாக்காம். சைக்கிளைத் தொலைச்ச அத்தனை பேரும் வந்து புலம்பியிருக்காங்க. லாரி பிடிச்சு, அவங்க வீட்ல இருக்கிற நேரமாப் பார்த்து, அறுபத்து மூணையும் குடுத்துடுச்சு.”

பஞ்சு பம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. டைரக்டரி அம்மாள். குரலில் தேன் சொட்டியது.

“வாழ்த்துகள் சார்! எழுதினதை எழுத்து பிசகாமச் செய்யற ஏஜென்ட் எங்க டைரக்டரியிலேயே உங்களோடது ஒண்ணுதான். இன்ஸ்பெக்டர் பொண்ணோட சைக்கிளும் வந்துடுச்சாம். அதை எங்கேயிருந்து எடுத்து அனுப்பினீங்களோ அங்கேயே வந்து நன்றி சொல்லணும்னு, நாலு கான்ஸ்டபிளோட கிளம்பிட்டார்.”

“எ... எங்க மேடம் வர்றார்?”

“லாரிச் சீட்டுல உங்க ஷெட் முகவரி கொஞ்சம் குழப்பமா இருந்துச்சு சார், நான்தான் அவருக்குத் தெளிவா எழுதிக் குடுத்தேன்.”